இருசாயி போனு

— கையை எடுங்க, எந்நேரமும் மண்டியிலிருந்து கூப்புடு—

— கூப்புட்டா நீ எங்க எடுக்கப் போறே, அது எங்க உனக்குக் கேக்கப் போவுது. குடு இப்படி. பஸ்ஸு காரவள்ளிக்கு மலையெறங்கி நாமக்கல் போயிச் சேர்றதுக்குள்ள கடைக்காரன்—

— கையை எடுங்கன்னு சொன்னேனுங்க.

— சோளக்காட்டுச் சந்தையே நம்மளப் பாக்குது இருசாயி.

— பாக்கட்டுமுங்க. சந்தைன்னா நாலு பேரு பாப்பாங்க. உங்களுக்கு வெக்கமா இருந்தாக் கையை எடுங்க, பாக்கறது நின்னுரும்.

— பொன்னம்மாக்கா, நீயே இவளக் கேளு. இந்த அநியாயத்தை நீயே கேளு.

— என்னைய ஏஞ்சாமி இழுக்கறே? நானே காலையிலிருந்து ஒரு பலாச்சுளை விக்கலீன்னு உக்காந்திருக்கேன்... வாங்க கண்ணு, செவ்வாழை, அன்னாசி, சீவியே தாரேன்... போறாங்க பாரு. சரி, சொல்லு சென்றாயா. பொண்டாட்டியோட பஸ் ஸ்டாப்புல நின்னு என்ன மல்லுக்கட்டு?

— இவ வாங்கியாந்த டச் போனைத் திருப்பிக் குடுத்துரலாங்கறேன். கடைக்காரன் இன்னிக்கு வரைக்குந்தான் எடுத்துக்குவானாம். நாளைக்குப் போனா மூஞ்சியைக்கூடப் பாக்க மாட்டான்.

— குடுக்க மாட்டேன்னு நான் சொல்றேனுங்க அக்கா. மொளகு விசயமா சேலத்து மண்டிக்காரரு இன்னிக்குக் காலையில இந்த நம்பருக்குக் கூப்புடறேன்னிருக்காரு. பெரக்கரையில எங்கூட்டுப் பக்கம் சிக்னலே இல்லீன்னுதான் இத்தாந்தூரம் வந்து நிக்கிறேன். வந்து பாத்தா இவரு பின்னாடியே வந்து போனைப் புடுங்கறாரு.

— நான் சொல்றதைக் கேளுக்கா. அந்தப் போன்ல என்ன இருக்குதுன்னு கேளு. டார்ச் இருக்குதா?

— இல்லீங்க.

— ரேடியோ?

— இல்லீங்க.

— என்ற போனு இவளுது வெலையில பத்துல ஒரு பங்கு பெறாது. அதுல டார்ச் இருக்குது, பாட்டுக் கேக்குது, ரெண்டு தடவை கெணத்து மேட்டுல விழுந்தும் பேசுது. முந்தாநேத்து ராத்திரி இவ தொழுவத்துக்குப் போனா பாரு, இந்த மவராசி போனைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு. மின்மினி வெளிச்சம். அந்த வெளிச்சத்துல போயி சாணியிலயே காலை வெச்சா.

— வெச்சேன். அதுக்கென்ன இப்ப? கழுவிக்கிட்டேன்.

— அது மட்டுமா கண்ணு, போன வாரம் மண்டியிலிருந்து வெலை அனுப்பியிருந்தாங்கன்னு எங்கிட்டக் காட்டுனியே. பூராப் பொட்டி பொட்டியா இருந்துச்சு.

— தமிழெழுத்து வந்தா அதுக்குப் படிக்கத் தெரியாதுங்க அக்கா. எழுத்துக்கு ஒரு பொட்டின்னு வெச்சுக் காட்டுது. கம்பி கட்டுன கோழிக்கூண்டாட்டம். சரி, இங்கிலீசுல அனுப்புங்கன்னேன், அனுப்புனாங்க. அதை நம்ம மகளிர் குழுப் பொம்பளைங்க எல்லாத்துக்கும் தள்ளி உடலாம்னு பாத்தா, வந்ததை அப்படியே இன்னொருத்தருக்கு அனுப்பறதுக்கு அதுல வழியே வெக்கல. அப்பறம் நானே ஊடு ஊடாப் போயிச் சொல்லிட்டு வந்தேன்.

— பாத்தியா, அவ வாயாலயே சொல்றா.

— நான் சொல்லலாமுங்க. என்ற போனு, நான் திட்டுவேன். கொடியில தொங்கற மொளகைப் படம் புடிச்சு மண்டிக்கு அனுப்பலாம்னு பாத்தேன் அக்கா. படம் கண்ணாடியாட்டம் உழுவுது, அனுப்பத்தான் முடியாது. உள்ளயே கெடக்குது. ஒரு பாட்டை இன்னொரு போனுக்கு மாத்த முடியாது. பேட்டரியைக் கழட்ட முடியாது. மழையில நனைஞ்சுதுன்னு இவரு கொடுவாளை எடுத்துட்டு வாராரு, பின்னாடி மூடியைத் தொறக்கறதுக்கு.

— பேட்டரியைக் கழட்டி அரிசிக்குள்ள போட்டாத்தானே காயும். ஊர் ஒலகத்துல எல்லாப் போனுக்கும் மூடி இருக்குது. இதுக்கு மூடியே இல்ல. மூடியில்லாத சாமானை எவனாச்சும் வாங்குவானா?

— என்னத்தச் சொல்ல போ. இத்தனை நொட்டையும் தெரிஞ்சு வெச்சிருக்கியே கண்ணு, அப்பறம் எதுக்கு வெச்சுக்கிட்டு அழுவறே? இவனாட்டம் பட்டன் போனு ஒண்ணு வாங்கிக்க வேண்டியதுதானே.

— இவரு வெச்சிருக்கற பட்டன் போனு யாரு வாங்குனதுன்னு நெனைக்கிறீங்க?

— இவன் வாங்குனது.

— நான் வாங்குனதுங்க அக்கா. மூணு வருசத்துக்கு முந்தி, பலாப்பழம் வித்த காசுல. ஊட்டுல கொண்டாந்து வெச்சேன். மொத நாளு, ‘குடு புள்ள, டைம் பாத்துட்டுத் தாரேன்’னாரு. அடுத்த நாளு டீக்கடைக்கு எடுத்துட்டுப் போனாரு. அந்த வாரம் முடியறதுக்குள்ள அது சென்றாயன் போனு ஆயிப்போச்சு. எனக்கு எங்கம்மா கூப்புட்டாக்கூட இவரு டீக்கடையில பேசிப்போட்டு வந்து, ‘உங்கம்மா நல்லாருக்குதாம்’பாரு.

— நல்லாத்தானே இருந்துச்சு.

— அதான் இந்தத் தடவை ரோசனை பண்ணுனேன். பட்டன் போனு வாங்குனா மறுபடியும் இடுப்புல சொருவிக்குவாரு. எவனுக்கும் தெரியாது. இந்த ரெண்டாயிரத்து எட்டுல, நாமக்கல்லயே நாலு பேரு கையிலதான் இந்த மாதிரி இருக்குதாம். கொல்லிமலையில ஒண்ணே ஒண்ணு. இதை யாரு கையில பாத்தாலும், ‘அட, இது இருசாயி போனாச்சே’ன்னு நாடே கேக்கும். அப்படிக் கேக்கோணும்னுதான் வாங்குனேன்.

— கேக்கறாங்க, கேக்கறாங்க. ‘இருசாயி போனுக்கு இருசாயி கையே ஆவலியாமே’ன்னு கேக்கறாங்க. அதைச் சொல்லு பொன்னம்மாக்காகிட்ட.

— கை ஆவலியா? அது என்ன புதுசா?

— தொட்டா வேலை செய்யற போனு அக்கா. இவ தொட்டா மட்டும் செய்யாது. எருமை மேல மழை பேஞ்சாப்ல கம்முனு கெடக்கும். நான் ஒரு விரலை வெச்சாப் போதும், வாங்கன்னு தொறந்துரும். ஆளைத் தெரிஞ்சு வெச்சிருக்குது.

— எங்க கண்ணு, நான் தொட்டுப் பாக்கட்டுமா? இரு, கையை முந்தானையில தொடைச்சுக்கறேன், பலாப்பாலு... ம். எங்க தொடோணும்?

— இந்த அம்பாட்டம் இருக்குது பாருங்க, அதை அப்படியே இழுங்க.

— இழுத்தேன். ஒண்ணையும் காணமே.

— அழுத்தாதீங்க, தடவுங்க.

— தடவறேன். என்னமோ செத்த மீனைத் தடவுறாப்ல இருக்குது. அதுபாட்டுக்குக் கெடக்குது.

— பாத்தியாக்கா. இது பொம்பளைக் கைக்கு ஆவற போனே இல்ல.

— நேத்து செல்லமுத்துவும் தொட்டுப் பாத்தானுங்க, லாரிக்கு வாழைத்தாரு ஏத்தறவன். அவனுக்கும் அசையல. அவன் என்ன பொம்பளையா?

— அவன் சுமை தூக்கறவன். வாத்தியாரு தொட்டாரு, தொறந்துச்சு. நான் தொட்டேன், தொறந்துச்சு. படிச்ச கையி, நாலு பேருகிட்ட யாவாரம் பேசற கையி. பெரிய சாமானுக்குப் பெரிய மனுசங்களைத் தெரியும் புள்ள. நான் சொல்றதைக் கேளு, ஒண்ணு இதை எங்கிட்டக் குடுத்துரு, இல்லீன்னா கடைக்காரங்கிட்டக் குடுத்துரு. எடுக்க முடியாத போனை மடியில கட்டிக்கிட்டு என்ன பண்ணப் போறே?

— எப்படியாச்சும் எடுப்பேன்.

— எப்படி?

— அது என்ற பாடுங்க. நீங்க பஸ்ஸுக்கு நின்னா பஸ்ஸுக்கு நில்லுங்க.

— செவ்வாழை வாங்குங்க சாமி, மலைவாழை, வவுத்துக்கு நல்லது... இந்தா இருசாயி, என்னமோ கிர்ருங்குது. உங்கையிலதான்.

— மண்டி. மண்டி நம்பருதானுங்க அக்கா. கூடையைப் புடிங்க. தள்ளு... வா... தள்ளுறேன், அசையவே மாட்டேங்குது...

— பச்சையா ஒண்ணு தெரியுதே, அதை அமுத்து கண்ணு.

— அமுத்தக் கூடாதுங்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தள்ளோணும். பெருவிரல்ல தள்ளுனாலும் கேக்க மாட்டேங்குது. வா சாமி, வா...

— நின்னுரும் இருசாயி. மண்டிக்காரரு ஜீவானந்தம் ரெண்டாந்தடவை கூப்புடற ஆளு இல்ல.

— சும்மா இருங்க.

— நின்னுரும். குடு.

— தள்ளி மட்டும் உடுங்க. தள்ளிப்போட்டு உடனே எங்கையில குடுத்துரோணும். சத்தியமா.

— குடுக்கறேன், கொண்டா... பாத்தியா, ஒரே தள்ளு. அலோ. வணக்கமுங்க. சென்றாயந்தான் பேசறேனுங்க.

— குடுங்க இப்படி.

— ஆமாங்க, நம்பரு ஊட்டுல பொம்பள நம்பருங்க. ஆளு நாந்தானுங்க... மொளகுங்களா? ரெடியா இருக்குதுங்க. வர்ற வெள்ளிக்கே லாரியை அனுப்புங்க.

— வெள்ளிக்கா? ஏனுங்க, கொடியில ஒரு மணி செவக்கலீங்க. குடுங்க அதை.

— ஒண்ணுமில்லீங்க, சந்தை எரைச்சல்... நம்ம வாக்கு என்னைக்குங்க தப்பியிருக்குது? சரிங்க. சரிங்க, வெச்சிருங்க.

— வெச்சுட்டீங்களா?

— அவராத்தான் வெச்சாரு.

— சத்தியம் பண்ணுனீங்க.

— பேச்சு நடுவுல எப்படிக் குடுக்கறது? மரியாதை இல்ல?

— அக்கா, நீங்களே கேட்டீங்களா? பறிச்சுக் காய வெச்சு எடுக்கவே ஒரு வாரம் புடிக்கும். வெள்ளிக்கிழமை லாரி வரோணும்னா இன்னிக்கே பச்சைச் சரத்துல கை வெக்கோணும். போன வருசமும் இதேதான். டீக்கடையில உக்காந்துக்கிட்டு, ‘அனுப்புங்க லாரியை’ன்னுட்டாரு. ஒரு மணி செவக்காத சரத்தையெல்லாம் உருவிக் காயப் போட்டேன். பூராப் பொக்கு மொளகு. ஊதுனாப் பறக்குது. மண்டிக்காரரு அள்ளிப் பாத்துப்போட்டு, ‘பெரக்கரை மொளகு இவ்வளவுதானா’ன்னாரு. எம்மொளகைப் பாத்து.

— போன வருசம் வெயிலு சரியில்ல.

— வெயிலு சரியாத்தானுங்க இருந்துச்சு.

— ஏஞ்சென்றாயா, மொளகு பழுக்கலீன்னா பழுக்கலீன்னு சொல்றதுக்கென்ன?

— அவரு கேக்கறப்ப இல்லீங்கன்னு சொல்ல முடியுமாக்கா? ‘மொளகு சென்றாயன்’னு ஒரு பேரு இருக்குது எனக்கு. சேலத்திலிருந்து ஒருத்தன் என்னைக் கூப்புடறான்னுதான் அந்த டீக்கடைப் பெஞ்சில எனக்கு எடம் உடறாங்க. வருசத்துக்கு எனக்கு வர்ற போனே நாலோ அஞ்சோ. அதையும் இவ வாங்கிக்கிட்டா, நான் எந்த மூஞ்சியோட அங்க போயி உக்கார்றது?

— பெஞ்சில உக்கார்றதுக்கு எம்மொளகைப் பச்சையாப் பறிக்கோணுமாங்க?

— கொடி வெச்சது எங்கப்பன்.

— வெச்சது உங்கப்பந்தானுங்க. மகராசன், நல்லா வெச்சாரு. அவுரு போனதுக்கப்பறம் கொடி ஏறுன அந்த ஓக் மரத்துல ஏணி சாத்தி ஏறுனது யாருன்னு மரத்தைக் கேளுங்க.

— சரி சரி, சந்தையில வேண்டாம் கண்ணு. இருசாயி, ஒண்ணு பண்ணு. இவன் பட்டன் போனை வாங்கி மண்டிக்கு நீயே பேசிரு.

— அதுல பேசக் காசு இல்லக்கா.

— என்னைக்கு இருந்துச்சு? மிஸ்டு கால் குடுக்கறதுக்கே பொறந்த போனுங்க அது. வேண்டாமுங்க அக்கா. இருந்தாலும் வேண்டாம். அதுல பேசுனா அது சென்றாயன் போன்ல பேசுனதாத்தான் ஆவும். கூடையை இன்னுஞ் செத்த நேரம் வெச்சிருங்க.

— என்ன பண்ணப் போறே?

— போன ஞாயித்துக்கெழமை வாத்தியாரு தள்ளிக் குடுத்து எந்தம்பிகிட்டப் பேசிட்டு இருந்தேனுங்க. காதோட ஒட்டி வெச்சுப் பேசப் பேச, லைனு கட்டாயிக் கட்டாயிப் போச்சு. என்னடா இதுன்னு பாத்தா, கன்னம் பட்டு அதுவா அமுங்கிக்குது. இதுவும் ஒரு நொட்டைன்னு திட்டுனேன். அப்பறம் ராத்திரி படுத்துக்கிட்டு ரோசனை பண்ணுனேன். விரலுக்கு அசையாதது கன்னத்துக்கு அசையுதுன்னா, மூக்குக்கும் அசையத்தானே வேணும். மண்டி கூப்புட்ட அவசரத்துல அது மறந்துபோச்சு.

— மூக்கா?

— ஏ இருசாயி, வேண்டாம். நான் சொல்றதைக் கேளு. சந்தையில நின்னு போனை மோந்து பாத்துக்கிட்டு... நாடே சிரிக்கும் புள்ள.

— சிரிக்கட்டுமுங்க.

— மூக்குத்தி கீறிப்போடும் கண்ணு, கழட்டிட்டுப் பண்ணு.

— எங்கம்மா போட்டது, கழட்டறதில்லீங்க. இந்தப் பக்கமாச் சாச்சுக்கறேன்... இப்படி... தொறந்துருச்சு.

— தொறந்துருச்சா? அட, ஆமா. விளக்கு எரியுது. சென்றாயா, தொறந்துருச்சு பாரு.

— பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அந்தாளு, அன்னாசி வாங்க வந்தவன், அவனும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கான்.

— பேசாதீங்க, மேல இருக்கற நம்பரைத் தொடோணும்... அது இல்ல, எந்தம்பிக்குப் போவுது... நிறுத்து... இப்ப சரி. அடிக்குது. ரெண்டு பேரும் வாயைத் தொறக்கக் கூடாது.

— நான் எதுக்குக் கண்ணு தொறக்கறேன்.

— அலோ. ஐயா, வணக்கமுங்க. இருசாயிங்க, பெரக்கரை இருசாயி... ஆமாங்க. இப்பப் பேசுனது எங்கூட்டுக்காரருங்க. அவுரு சொன்னது அவுரு சொன்னதுங்க. மொளகு எங்கிட்டத்தான் கேக்கோணும்... இல்லீங்க. வெள்ளிக்கிழமை லாரி அனுப்புனீங்கன்னா வந்த லாரி வெறுமனேதான் எறங்கும்... கோவிச்சுக்கிட்டா என்னங்க பண்றது? சரத்துக்கு ஒரு மணியாச்சும் செவக்கோணுமுங்க. அப்பறம் பறிச்சு, காஞ்சு, கையில அள்ளுனாக் கலகலன்னு கேக்கோணும்... அது என்னைக்குன்னு கொடியைப் பாத்துத்தான் சொல்ல முடியுமுங்க, காலண்டரைப் பாத்து இல்லீங்க... படம் அனுப்ப இந்தப் போன்ல வழியில்லீங்க. மேல வந்து கண்ணால பாத்துக்குங்க... போன வருசம் அப்படித்தானுங்க ஆச்சு. அது என்ற வாக்கு இல்லீங்க, அதனாலதான் இந்த வருசம் நான் பேசறேன்... அப்படீன்னா வேற மண்டிக்குக் குடுத்துக்கறேனுங்க... சொல்லுங்க... சரிங்க... சரிங்க. இந்த நம்பருக்கேங்க. எடுக்கக் கொஞ்சம் நேரமாச்சுன்னா வெச்சுறாதீங்க, மூக்... எடுத்துருவேனுங்க.

— என்னங்கறாரு, என்னங்கறாரு?

— செவந்ததும் அவரே மேல வாராராம். அள்ளிப் பாத்துட்டுத்தான் பேச்சாம். எங்கிட்ட.

— அட என்ற சாமி. இந்தா, இந்த அன்னாசியைப் புடி. காசெல்லாம் வேண்டாம்.

— சரி. பேசியாச்சில்ல? ஆனது ஆச்சு. அங்க பாரு, பஸ்ஸு திரும்புது. இப்பவாச்சும் குடு, போயித் திருப்பிக் குடுத்துட்டு ஒழுங்கா ஒண்ணு வாங்கிட்டு வாரேன். காலமெல்லாம் மூக்காலயே பேசிட்டு இருப்பியா?

— இருப்பேனுங்க.

— வெளங்காத போனு புள்ள அது. டார்ச் இல்ல, ரேடியோ இல்ல, தமிழ் தெரியாது. கடைசியில வாங்குனவ கையையே தெரியாது. கட்டுன பொண்டாட்டியைத் தெரியலீன்னு சொல்ற புருசனாட்டம்.

— அப்படிச் சொல்லாதீங்க. அதுக்குத் தெரியாம இல்ல.

— பின்ன?

— பலா லாரியில போன வாரம் கீழ நாமக்கல் போனப்பவே போன் வாங்குன கடையில கேட்டுட்டேனுங்க. என்ன கண்ணு இது, என்ற விரலை மட்டும் மதிக்க மாட்டேங்குதேன்னேன். கடையில ஒரு புள்ள, வித்யாஸ்ரீன்னு பேரு, என்ற கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. ஒண்ணும் சொல்லாம அதோட விரலை என்ற விரல் மேல வெச்சுத் தடவுச்சு. அப்பறஞ் சொல்லுச்சு. காப்புக் காச்சு மரத்துப்போன தோலா இருந்தா, தொட்டதையே இந்தக் கண்ணாடி தெரிஞ்சுக்காதாம். மெத்துனு இருக்கற தோலுதான் அதுக்கு வேணுமாம். வேலை செஞ்ச கையின்னா இப்படித்தான்க்கா ஆவும், ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்லிச்சு.

— அப்ப எனக்கும் அதானா? பலா அறுத்து அறுத்து எனக்குந்தான் தோலு செருப்பாட்டம் ஆயிப்போச்சு.

— உங்களுக்கும் அதானுங்க அக்கா. செல்லமுத்துவுக்கும் அதான்.

— அப்ப சென்றாயனுக்கு... என்னத்தச் சொல்ல போ.

— தெரிஞ்சே ஒரு வாரமா வாயை மூடிட்டு இருந்தேனுங்க. அவுருதான் இன்னிக்கு சந்தைக்கு நடுவுல, பெரிய மனுசங்க கையி, பெரிய மனுசங்க கையின்னு காட்டிக் காட்டிப் பேசுனாரு.

— சென்றாயா, பஸ்ஸு வந்து நிக்குது. கண்டக்டர் கூப்புடறான். ஏறறியா இல்லியா? என்னப்பா இது, கையை எதுக்கு வேட்டியில தொடைச்சுக்கறே?

— பஸ்ஸு போவட்டுமுங்க அக்கா, அவுருக்கு இங்க வேலை இருக்குது. ஏனுங்க, மொத மணி செவக்கற அன்னிக்கு ஏணியில நான் ஏற மாட்டேன், நீங்க ஏறுங்க. ஏறிக்கிட்டே இருங்க, என்னைக்கு இந்தப் போனு உங்க விரலையும் கண்டுக்காம உடுதோ அன்னிக்கு வாங்க, மண்டிக்காரரோட நீங்க பேசறதுக்கு நானே என்ற மூக்கால தள்ளித் தாரேன்.